ஐயமும் தீர்ப்பும்

1948ஆம் ஆண்டு இங்கிலாந்தில் அறிமுகமான மோரிஸ் மைனர் மகிழுந்து இன்று கிளம்ப மறுத்தால், 'கிழடாகிவிட்டது' என்பதே பலரும் வழங்கும் முதல் தீர்ப்பு. முதுமை குற்றமாகுமா?

சாவியைத் திருப்பியதும், பெட்ரோலை ஏற்றும் சிறு பம்பு 'டிக் டிக்' என ஒலித்து அடங்கினால், கார்புரேட்டருக்கு எரிபொருள் சென்றிருக்கலாம். அடுத்து ஐயுறத்தக்கது மின்பொறி. மின்னோட்டத்தைத் துண்டித்து இணைக்கும் பாயிண்ட் முனைகள் விரிகையில், அவற்றின் இடைவெளி ஏறத்தாழ 0.38 மில்லிமீட்டர்தான். முனைகள் கருகினாலோ இடைவெளி அற்றுப்போனாலோ பொறி பிறவாது. தேய்த்துச் சீராக்கச் சில நிமிடங்கள் போதும்.

பொறுமையற்றவரோ பாயிண்ட், காயில், கண்டென்சர், பிளக் அனைத்தையும் ஒருசேர மாற்றிவிடுகிறார். வண்டி ஓடுகிறது, மகிழ்ச்சிதான். ஆயினும் குற்றவாளி எது என்பதை அவர் அறியார். இதனை வெற்றி என்றேற்க என் மனம் ஒப்பவில்லை. குற்றமற்றவையும் குப்பையில் கிடக்கின்றன. அவற்றுள் ஒன்றையேனும் மீண்டும் பொருத்திப் பார்க்க எவருக்கும் தோன்றுவதில்லை.