சும்மா பார்க்கிறோம்

அழகர்கோவிலிலிருந்து மதுரைக்கு 20 கிலோமீட்டருக்குச் சற்றுக் கூடுதல். ஜவுளிக்காக அந்தத் தூரத்தை அம்மா வருஷத்துக்கு இரண்டு முறைதான் கடப்பாள். தீபாவளிக்கு ஒன்று, சித்திரையில் அழகர் ஆற்றில் இறங்குவதற்கு முன்னால் ஒன்று. விளக்குத்தூண் பக்கம் மூன்று மாடி ஜவுளிக்கடை ஒன்று இருந்தது. அதில் நுழைந்ததும் அவள் தோரணையே மாறிவிடும். வீட்டில் யாரையும் அதட்டிப் பழகாதவள், ஸ்டூலில் உட்கார்ந்து விரலை நீட்டுவாள். “அந்த அரக்கு, அதுக்குக் கீழ ராமர் பச்சை, எடுத்துப் போடு தாயி.” மேசைக்கு அந்தப் பக்கம் நின்ற பெண் எடுத்துப் போடுவாள். முப்பது நாற்பது புடவை குவிந்த பிறகு அம்மா எழுந்துகொள்வாள். “வீட்ல அவுகளக் கூட்டிட்டு வந்து எடுத்துக்கறோம்.”

அப்பா அந்தக் கடை வாசலை மிதித்ததே இல்லை.

அந்தப் பொய்யை நினைத்து வெகுநாள் சிரித்திருக்கிறேன். பெரியம்மா மகள் அப்படியொரு கடையில் வேலைக்குப் போன பிறகு சிரிப்பு வரவில்லை. அக்கா அங்கே பதினோரு வருஷம் இருந்தாள். அவள் மாடியிலும் ஸ்டூல்கள் உண்டு, வாடிக்கையாளருக்கு மட்டும். கூட்டமில்லாத மத்தியானத்தில் சுவரில் சாய்ந்தால்கூட சூப்பர்வைசர் பார்ப்பார். ஒருத்தி வெறுங்கையோடு எழுந்து போனால், “என்ன காட்டுன நீ?” என்ற கேள்வி அக்காவுக்குத்தான் வரும். கழிப்பறைக்கு அடிக்கடி போகக் கூடாதென்று தண்ணீரைக் குறைத்தாள். கெண்டைக்காலில் நரம்பு பச்சையாய்ச் சுருண்டு நின்றது.

“சும்மா பார்க்க” எனக்கு உரிமை உண்டா என்ற கேள்வி அங்கிருந்துதான் தொடங்கியது. அவளுக்குச் சம்பளம் கொடுக்கிறார்களே, அதில் இதுவும் அடக்கம்தானே என்றாள் ஒரு தோழி. கணக்குப்படி சரி. ஆனால் நாற்பது புடவையை மறுபடி மடிப்பது சம்பளமல்ல, இரண்டு கைகள்.

பெரிய கடைகளின் கதை எங்கும் இப்படி இரண்டு பெண்களைப் பற்றியது. பாரிஸின் பிரமாண்டக் கடையை வைத்து எமிலி ஸோலா 1883-இல் எழுதிய நாவலில், கீழே சீமாட்டிகள் பட்டைத் தடவிப் பார்க்கிறார்கள், விற்கும் பெண்கள் மேலே கூரைக்கடியில் சிறு அறைகளில் தூங்குகிறார்கள். ஆண் துணையின்றி வெளியே வர, நிற்க, வேடிக்கை பார்க்க, ஒரு வகுப்புப் பெண்களுக்கு இடம் கொடுத்தது கடைதான். அந்த இடத்தைத் தாங்கிக்கொண்டு நின்றது இன்னொரு வகுப்புப் பெண்ணின் கால். நம் ஊரில் ரங்கநாதன் தெருவை வைத்து 2010-இல் வந்த ‘அங்காடித் தெரு’ படத்தைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

உட்காரும் உரிமையைக் கேட்டு வாங்கியதும் பெண்கள்தான். கோழிக்கோடு மிட்டாய்த் தெருவில் விஜியும் ‘பெண்கூட்டு’ அமைப்பும் முதலில் கழிப்பறை கேட்டார்கள், அப்புறம் நாற்காலி. கேரளம் 2018-இல் சட்டத்தைத் திருத்தியது. தமிழ்நாட்டின் கடைகள், நிறுவனங்கள் சட்டம் 1947-ஆம் வருஷத்தது. அதற்குள் ஓர் இருக்கை நுழைய 2021 ஆனது, 74 வருஷம்.

அதே 2021 மே மாதம்தான் சாதாரண டவுன் பஸ்களில் பெண்களுக்குக் கட்டணமில்லை என்றானது. அதே மே மாதத்தில் இங்கிலாந்தில், 1778-இல் வேர்விட்ட டெபன்ஹாம்ஸ் தன் கடைசிக் கடைகளையும் மூடியது. மதுரையில் அப்படி ஒரேயடியாக மூடவில்லை; முகூர்த்த மாதத்தில் இன்னும் கூட்டம் நெரிகிறது. ஆனால் அக்காவின் மாடியில் பன்னிரண்டு பேர் ஏழாகி, நாலானார்கள். அந்த நாலில் அவள் இல்லை. நாற்காலி வந்தபோது உட்கார ஆள் குறைந்திருந்தது.

அம்மாவுக்கு இப்போது எழுபது. பஸ்ஸுக்குக் காசு வேண்டாம், ஆனால் அவள் போவதில்லை. இரவு பத்து மணிக்குக் கட்டிலில் சாய்ந்து போனில் புடவை தள்ளுகிறாள்.

இதை முதலில் நான் கொண்டாடினேன், இன்றும் முழுக்க மறுக்க மாட்டேன். உள்பாடி வாங்க ஆண் விற்பனையாளரிடம் அளவைக் குசுகுசுவென்று சொன்ன தலைமுறை அவளுடையது. அவள் செருப்பையும் கையிலிருந்த மஞ்சள் பையையும் பார்த்தே எந்த மாடிக்கு அனுப்புவது என்று வாசலில் முடிவு செய்தார்கள். போன் செருப்பைப் பார்ப்பதில்லை. யாரையும் கேட்காமல் முந்நூறு ரூபாய்க்கு ஒரு பொருளைத் தானே தேர்ந்தெடுப்பது அவளுக்கு எழுபது வயதில் கிடைத்திருக்கிறது.

ஆனால் போனில் அவள் பொய் சொல்வதில்லை. போன மாதம் மூன்று புடவை வரவழைத்து மூன்றையும் திருப்பி அனுப்பினாள். காரணம் கேட்ட இடத்தில் ஏதோ ஒன்றைத் தொட்டாள், முடிந்தது. அந்த மூன்றையும் எங்கோ ஒரு குடோனில் யாரோ பிரித்து, கறை இருக்கிறதா என்று பார்த்து, மடித்திருப்பார்கள். வெயிலில் வந்து பையை வாங்கிப்போன பையனுக்குத் தண்ணீர் கொடுத்தாள், அது அவள் குணம். மடித்தவளுக்கு அவளால் எதுவும் கொடுக்க முடியாது. “அவுகளக் கூட்டிட்டு வாறேன்” என்ற பழைய பொய்யில், உனக்கு நான் ஏதோ தரவேண்டியிருக்கிறது என்ற ஒப்புதல் இருந்தது. நேராக முகத்தைப் பார்த்து வாங்காமல் எழ வெட்கமாக இருந்ததால்தான் பொய்யே தேவைப்பட்டது. அந்த வெட்கத்தை ஒரு பலவீனமாக எண்ணியிருந்தேன். இப்போது அப்படி எண்ணவில்லை.

அக்கா கள்ளந்திரியில் வீட்டிலிருந்தே விற்கிறாள். சுங்குடிப் புடவைகளை மொத்தக் கடையில் படமெடுத்து வந்து வாட்ஸப் ஸ்டேட்டஸில் போடுகிறாள். பிளாஸ்டிக் நாற்காலியில் கால் நீட்டி உட்கார்ந்துதான் வியாபாரம். எத்தனை பேர் பார்த்தார்கள் என்று போன் அவளுக்கு எண்ணிச் சொல்கிறது. நேற்று 61 பேர். விலை கேட்டது இரண்டு பேர்.

இரவு எனக்கு அவளிடமிருந்து ஒரு செய்தி வந்தது. “நீயும் பாத்துருக்க. புடிக்கலையாடி?”

என்ன எழுதுவதென்று தெரியாமல் வெகுநேரம் போனை வைத்துக்கொண்டிருந்தேன். பிறகு, “அவர்கிட்ட கேட்டுட்டுச் சொல்றேன்க்கா” என்று எழுதினேன்.