அலங்காரமும் அகங்காரமும்

நவராத்திரி நாட்களில் மைசூரு நகரம் இருவகை அலங்காரங்களைக் காண்கிறது. ஒன்று உலகறிந்தது. 1912-ஆம் ஆண்டில் கட்டி முடிக்கப்பட்ட அரண்மனையில் ஏறத்தாழ ஒரு லட்சம் மின்விளக்குகள் ஒரே நேரத்தில் சுடர்விடுகின்றன. விஜயதசமியன்று சுமார் 750 கிலோ எடையுள்ள பொன் அம்பாரியில் அன்னை சாமுண்டேசுவரி யானைமீது பவனி வருகிறாள். 1610-ஆம் ஆண்டு ராஜ உடையார் ஸ்ரீரங்கபட்டணத்தில் தொடங்கிவைத்த தசரா விழாவின் தொடர்ச்சி இது.

மற்றோர் அலங்காரம் வீடுகளின் கூடத்தில் நிகழ்கிறது. கன்னடத்தில் ‘கொம்பெ ஹப்ப’ என்று வழங்கும் பொம்மைத் திருவிழா, தமிழகத்துக் கொலுவின் உடன்பிறப்பு. மூன்று, ஐந்து, ஏழு, ஒன்பது என்று ஒற்றைப்படையில் படிகள் அமைக்கப்படுகின்றன. ‘பட்டத கொம்பெ’ எனப்படும் மரத்தாலான அரசன், அரசி பொம்மைகள் முதலிடம் பெறுகின்றன. தமிழர் வீடுகளின் மரப்பாச்சியைப் போன்ற இவற்றைத் தாய் தன் மகளுக்குத் திருமணத்தின்போது கொடுத்தனுப்புவது வழக்கம். ஆண்டுதோறும் இவற்றுக்குப் புத்தாடை உடுத்துவது வீட்டுப் பெண்களின் கைவேலை. நைந்துபோன பட்டுப்புடவையின் சரிகைக்கரை அரசனுக்குத் தலைப்பாகையாகிறது. அறுந்த மாலையின் மணிகள் அரசிக்கு ஆரமாகின்றன.

அரண்மனையின் அலங்காரம் நகரம் முழுவதற்கும் உரியது. அதனுடன் எந்த வீடும் போட்டியிட வேண்டியதில்லை. ஆயினும் இல்லறத்தார் ஒவ்வொருவர் முன்பும் ஒரு கேள்வி நிற்கிறது. வீட்டை அழகுபடுத்துவது எதற்காக? அந்த அழகுக்கு அளவுகோல் எது?

கையின் செல்வம்

கொலுவின் கீழ்ப்படிக்கு முன்னால் சிறுவர்கள் அமைக்கும் பூங்காவைச் சற்று உற்று நோக்கலாம். அகன்ற தட்டில் மண் பரப்பி, கேழ்வரகையோ கடுகையோ தூவி, நாள்தோறும் நீர் தெளித்து வந்தால் நவராத்திரிக்குள் பசும்புல்வெளி தயார். பழைய முகக்கண்ணாடியைச் சுற்றி மணலைப் பரப்பினால் அது குளம். ஊறவைத்த செய்தித்தாளை வெந்தயத்துடன் அரைத்துக் குழைத்தால் மலையும் குகையும் எழும்புகின்றன. தென்னங்குச்சி வேலியாகிறது, சிரட்டை கிணறாகிறது, காலியான தீப்பெட்டிகள் வீடுகளாகின்றன. வாயிலில் மாவிலைத் தோரணம், தரையில் அரிசிமாவுக் கோலம். இவற்றுக்கு ஆகும் பணச்செலவு மிகக் குறைவு.

ஆனால் செலவே இல்லை என்று சொல்லிவிட முடியாது. கடுகு முளைக்கும்வரை காத்திருக்கும் பொறுமை செலவாகிறது. தாள் குழைவு வெடிக்காமல் நிழலில் உலரும்வரை கவனம் செலவாகிறது. பாட்டியும் பேத்தியும் அருகருகே அமர்ந்து மணி கோக்கும்போது மாலைப்பொழுது செலவாகிறது. பணத்தில் வேறுபட்டவர்களாக மனிதர் இருக்கலாம்; ஒரு நாளின் நாழிகைகள் எவருக்கும் கூடுதலாக வழங்கப்படவில்லை. உழைத்துக் களைத்த வீட்டில் ஓய்வு அரிதுதான். என்றாலும் அங்கே கிடைக்கும் அரைமணி நேரம் படிமீது ஒரு மலராக மாறும்போது, அந்த வீடு தன்னிடமுள்ள மிக அரிய பொருளையே கொடுத்திருக்கிறது. பகவத்கீதையின் ஒன்பதாம் அத்தியாயத்தில் இறைவன் ஏற்பதாகக் கூறும் பொருட்கள் இலை, மலர், கனி, நீர் ஆகியவை. நான்கும் எளியவை. அங்கே விதிக்கப்படும் நிபந்தனை அன்பு ஒன்றே.

எளிய பொருளும் முழுமனமும் ஒன்றுசேர்ந்தால் என்ன விளையும் என்பதற்கு ஸ்ரீராமகிருஷ்ணரின் வாழ்வே சான்று. இளம்வயதிலேயே மண்ணில் தெய்வ உருவங்கள் சமைப்பதில் அவர் தேர்ந்திருந்தார். தட்சிணேசுவரத்துக்கு வந்த தொடக்க நாட்களில் ஒருமுறை கங்கை மண்ணை எடுத்து, காளை, சூலம், உடுக்கை ஆகியவற்றுடன் சிவபெருமானை வடித்து வழிபாட்டில் ஆழ்ந்திருந்தார். அவ்வழியே வந்த மதுர்பாபு அவ்வுருவத்தின் எழிலில் மனம் பறிகொடுத்தார். பூஜை முடிந்தபின் அதைக் கேட்டு வாங்கி ராணி ராசமணிக்கும் காட்டினார். கோயிலில் செல்வத்துக்குக் குறைவில்லை. அவர் கண்ணைக் கவர்ந்ததோ ஆற்றங்கரை மண். அதை வடித்தவர் பிறர் பார்க்க வேண்டுமென்று வடிக்கவில்லை, வழிபடுவதற்காக வடித்தார்.

பார்வை மாறும்போது

இடர்ப்பாடு இங்குதான் தொடங்குகிறது. கொலு பிறர் காண வைக்கப்படுவது. மைசூருவின் மாலைப்பொழுதுகளில் குழந்தைகள் வீடு வீடாகச் சென்று பொம்மைகளைப் பார்த்து, தின்பண்டம் பெற்று மகிழ்வது நெடுநாளைய வழக்கம். வருவோரை வரவேற்று, உள்ளதைப் பகிர்வதே இவ்விழாவின் உயிர். ஆனால் வருகின்றவர் “இது எங்கே வாங்கியது, என்ன விலை?” என்று கேட்பதும், வீட்டார் அக்கேள்விக்காகவே காத்திருப்பதும் நேரும்போது கொலுப்படி விலைப்பட்டியலாகிவிடுகிறது. இறைவிக்காக அமைந்த படியில் வீட்டுக்காரரே ஏறி அமர்ந்துகொள்கிறார்.

இதன் விளைவைப் பெரிதும் சுமப்பவர் எளியவரே. பக்கத்து வீட்டின் புதுப்பொம்மைகளைக் கண்டு திரும்பும் ஒரு சிறுமி, தன் தாய் பழந்துணியால் தைத்த பொம்மையைத் தோழியருக்குக் காட்டக் கூசினால், அந்த வீடு இழந்தது ஓர் அலங்காரத்தை மட்டுமன்று. தன் கதவைத் திறந்துவைக்கும் துணிவையே இழந்துவிட்டது. நாணத்தால் ஒரு வீட்டின் கதவு சாத்தப்படுமானால், அதில் ஆடம்பரமாக அலங்கரித்த வீட்டுக்கும் பங்குண்டு. தன் பணத்தில் தான் வாங்குவது தன் உரிமை என்பது சட்டத்தின் முன் சரியான விடை. அறத்தின் முன் அது பாதி விடையே.

சுவாமி விவேகானந்தர் 1892-ஆம் ஆண்டு மைசூருக்கு வந்திருந்தார். மன்னர் பத்தாம் சாமராஜேந்திர உடையாரும் திவான் சேஷாத்ரி ஐயரும் அவரைப் போற்றினர். எதையேனும் அன்பளிப்பாகத் தர விரும்பிய திவான், தம் உதவியாளருடன் சுவாமிஜியைக் கடைவீதிக்கு அனுப்பிவைத்தார். விலையுயர்ந்த பொருட்கள் நிறைந்த கடைகளைச் சுவாமிஜி ஒரு குழந்தையைப் போல வியந்து பார்த்தார், எல்லாவற்றையும் பாராட்டினார். முடிவில் அவர் ஏற்றுக்கொண்டது ஒரு சுருட்டு மட்டுமே. அழகை அவர் வெறுக்கவில்லை, கண்ணை மூடிக்கொள்ளவும் இல்லை. ரசிப்பதற்கு உடைமையாக்கிக்கொள்ள வேண்டியதில்லை என்பதை அந்தக் கடைவீதியில் வாழ்ந்து காட்டினார். அடுத்த வீட்டுக் கொலுவை ரசித்துவிட்டு அமைதியாகத் தன் வீடு திரும்புவதற்கும் இதே பயிற்சிதான் தேவை.

சிக்கனமும் கருமித்தனமும்

எல்லாரும் தாமே செய்துகொண்டால் பொம்மைத் தொழிலாளர் எவ்வாறு பிழைப்பர் என்ற வினா நியாயமானது. மைசூருக்கும் பெங்களூருவுக்கும் இடையிலுள்ள சன்னபட்டணத்தில் வெட்பாலை மரத்தைக் கடைந்து, அரக்கு வண்ணம் ஏற்றிப் பொம்மை செய்வோர் தலைமுறைகளாக வாழ்கின்றனர். தமிழகத்தில் காஞ்சிபுரம், பண்ருட்டி, மதுரையை அடுத்த விளாச்சேரி ஆகிய ஊர்களின் குயவர் குடும்பங்களும் கொலு விற்பனையை நம்பியுள்ளன. ஆண்டுக்கு ஒரு பொம்மையேனும் அத்தகையோரிடம் பேரம் பேசாமல் வாங்குவது தர்மமே. தன் கையால் ஒன்றைச் செய்து பார்த்தவருக்குத்தான் பிறர் கைத்திறனின் அருமை விளங்கும். தவிர்க்கத்தக்கது, ஒரு பருவம் கண்டபின் குப்பையில் சேரும் தெர்மோகோல், பிளாஸ்டிக் அலங்காரங்களை வாங்கிக் குவிப்பது. அவை மண்ணில் மக்குவதில்லை. செய்தவர் முகமும் அவற்றில் தெரிவதில்லை.

சிக்கனம் என்பது பொருளுக்குச் செலுத்தும் மரியாதை. அன்னை ஸ்ரீசாரதாதேவிக்குப் பக்தர் ஒருவர் கூடையில் பழங்கள் அனுப்பினார். பழங்களை எடுத்துக்கொண்டபின் வெறுங்கூடை தெருவில் எறியப்பட்டது. அதைக் கண்ட அன்னை கூடையை எடுத்துவரச் செய்து, கழுவி வைத்தார். காய்கறித் தோல் போடவாவது அது பயன்படும் என்பது அவர் கருத்து. கேட்டவர்க்கெல்லாம் வாரி வழங்கிய அந்தத் தாய்க்கு ஒரு மூங்கில் கூடையும் வீணாகக்கூடாத பொருளாகத் தோன்றியது. கருமி தனக்காகச் சேர்க்கிறான். சிக்கனமுள்ளவரோ பொருளுக்கு அதன் பயனை அடையும் வாய்ப்பை அளிக்கிறார்.

கலைக்கத் தெரிந்த கை

கையால் செய்ததனாலேயே அகங்காரம் அகன்றுவிடும் என்று எண்ணுவதும் பிழை. “நானே செய்தேன்” என்னும் பெருமை, “நான் வாங்கினேன்” என்னும் பெருமையைவிட நுட்பமானது; எளிமையின் ஆடையில் வருவதால் எளிதில் பிடிபடாது. பணத்தால் பிறரைத் தாழ்த்துவதைப் போலவே கைத்திறனாலும் தாழ்த்த முடியும்.

மைசூரு மாவட்டத்தின் பைலகுப்பெயில் 1960-களின் தொடக்கத்திலிருந்து திபெத்திய அகதிகளின் குடியிருப்பும் மடாலயங்களும் உள்ளன. திபெத்திய பௌத்த மரபில் துறவிகள் வண்ணமணலைத் துளித்துளியாக இட்டு, பல நாட்கள் உழைத்து மண்டலம் வரைவர். வழிபாடு நிறைந்ததும் அதைக் கூட்டியெடுத்து நீரில் கரைத்துவிடுவர். வாசலில் நாள்தோறும் கோலமிடும் பெண்களுக்கு இது புதிய பாடமன்று. எறும்புகள் உண்ண, நடப்போர் காலடியில் கலைய, மறுநாள் விடியலில் அதே இடத்தில் அதே ஈடுபாட்டுடன் புதுக்கோலம் பிறக்கிறது. பலனைப் பற்றாத செயல் என்று கர்மயோகம் கூறுவதை அந்த விரல்கள் பழக்கத்தில் அறிந்திருக்கின்றன.

ஆகவே ஓர் அலங்காரம் வழிபாடா, வெறும் காட்சியா என்பதை அறிய இரண்டு சோதனைகள் போதும். அதைக் காண யார் வந்தாலும், ஏழையாயினும் செல்வராயினும், வீட்டார் ஒரே மலர்ச்சியுடன் கதவைத் திறக்கிறார்களா? விழா முடிந்தபின் பொம்மைகளைத் துணியில் சுற்றிப் பெட்டியில் வைக்கும் கைகளில், அவற்றைப் படியேற்றிய நாளின் அதே பரிவும் அமைதியும் இருக்கின்றனவா? இவ்விரண்டும் இருக்குமானால் பொருள் மண்ணாயினும் தாளாயினும் பொன்னாயினும் வேறுபாடில்லை. அந்த இல்லம் அழகியது. அங்கே அன்னை எழுந்தருளியிருக்கிறாள்.