ஏரோதின் விருந்தும் இக்கால விடுதிகளும்



கனடாவில் வேலைபார்க்கும் எம்மவரான வாலிபர் ஒருவர் எமக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். ஊரும் பேரும் வேண்டாம். அவருடைய நண்பருக்கு வருகிற புரட்டாதியில் விவாகம். அதற்கு முந்திய சனிக்கிழமை இரவு தோழர்கள் கூடி மாப்பிள்ளையை ஒரு விடுதிக்கு அழைத்துச் செல்ல ஒழுங்கு செய்திருக்கிறார்களாம். பெண்கள் மேடையில் ஆடை களைந்து ஆடும் விடுதி. அந்நாடுகளில் மணமகனுக்கு அப்படிச் செய்வது ஒரு வழக்கமாகிவிட்டது. “பாதர், சட்டம் இதைத் தடுக்கவில்லை. அந்தப் பெண்கள் தங்கள் விருப்பத்தோடுதான் வருகிறார்கள், சம்பளமும் வாங்குகிறார்கள். நாங்கள் யாரையும் தொடப்போவதில்லை, பார்க்கத்தான் போகிறோம். இந்தக் காலத்துச் சமுதாயத்தில் இதற்கும் ஓர் இடம் இருக்கத்தானே வேண்டும்?” என்று கேட்கிறார்.

இப்படிப்பட்ட விஷயம் எங்கள் பத்திரிகைக்கு ஏன் என்று சில வாசகர்கள் முகஞ்சுளிக்கக் கூடும். எங்கள் பிள்ளைகள் ரொறன்ரோவிலும் லண்டனிலும் பாரிசிலும் வாழ்கிறார்கள். அவர்கள் வேலைக்குப் போகும் வீதியில் அந்த விடுதிகளின் விளக்குகள் எரிகின்றன. வீட்டில் கேட்க முடியாததைக் குருவானவரிடம் கேட்டிருக்கிறார். “போகாதே, பாவம்” என்று ஒரு வரியில் எழுதி அனுப்பினால் அது மறுமொழி ஆகாது.

முதலில் என்னைப் பற்றிய ஒரு சங்கதியைச் சொல்லியாக வேண்டும். குருப்பட்டம் பெற்ற புதிதில், ஸ்நாபக அருளப்பர் தலைவெட்டுண்ட திருநாளாகிய ஆவணி 29ந் திகதி, ஒரு சிறு கோவிலில் பிரசங்கம் வைத்தேன். எரோதியாளின் மகள் ஆடிய ஆட்டத்தைப் பற்றி ஆவேசமாகப் பேசினேன். பெண்களின் நாணம், உடை, சினிமா என்று ஒன்றையும் விடவில்லை. நல்ல பிரசங்கம் என்றுதான் நினைத்திருந்தேன். பூசை முடிந்து திருவுடைகளைக் களைந்துகொண்டிருந்தபோது ஒரு வயோதிப மாது வாசலில் வந்து நின்றார். “சுவாமி, அந்தப் பிள்ளையை அவ்வளவு ஏசினியள். இருந்து பாத்துக்கொண்டிருந்த பெரிய மனுசர் ஒருத்தரையும் ஒண்டும் சொல்லேல்லையே?” என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் போய்விட்டார்.

அன்றிரவு மாற்கு நற்செய்தியைத் திறந்து பார்த்தேன். அந்த அம்மா சொன்னது சரி. விருந்து யாருக்கு என்று சுவிசேஷகர் கவனமாக எழுதியிருக்கிறார்: அரச அதிகாரிகள், படைத்தலைவர்கள், கலிலேயாவின் பிரமுகர்கள். இவர்கள் எல்லாரும் மரியாதைக்குரிய மனிதர்கள். ஆடிய பெண்ணின் பெயரையோ அவர் சொல்லவில்லை. சலோமே என்ற பெயரை நாம் யூத வரலாற்றாசிரியர் யோசேப்பு என்பவரிடமிருந்துதான் அறிகிறோம். மாற்கு அவளைக் குறிக்க வழங்கும் கிரேக்கச் சொல் ‘கொறாசியோன்’, அதாவது ‘சிறுமி’. அதே சொல்லை அதற்கு முந்திய அதிகாரத்தில்தான் அவர் இன்னொரு பிள்ளைக்கு வழங்கியிருக்கிறார். தொழுகைக்கூடத் தலைவர் யாயீரின் பன்னிரண்டு வயது மகள் அவள்.

இரண்டு வீடுகள், இரண்டு சிறுமிகள். ஏரோதின் வீட்டில் ஆண்கள் நிறைந்திருந்து ஒரு சிறுமியைப் பார்க்கிறார்கள், பார்த்து மகிழ்கிறார்கள், விலை பேசுகிறார்கள். யாயீரின் வீட்டிலும் ஒரு கூட்டம் நிற்கிறது. அங்கே யேசு செய்கிற முதல் காரியம் அந்தக் கூட்டத்தை வெளியே அனுப்புவது. தாய் தகப்பனையும் மூன்று சீடரையும் மாத்திரம் உள்ளே அழைத்துப்போகிறார். பிள்ளையின் கையைப் பிடித்து எழுப்புகிறார். பிறகு, இதை நாம் வாசித்துக்கொண்டு போகையில் பெரும்பாலும் கவனியாமல் விடுகிறோம், அவளுக்கு உண்ணக் கொடுக்கும்படி சொல்கிறார்.

வாலிபரின் கேள்விக்கு வருவோம். அந்தப் பெண்கள் சம்பளம் வாங்குகிறார்கள் என்கிறார். பல விடுதிகளில் காரியம் நேர்மாறானது. வட அமெரிக்காவில் நடன மாதரைத் தொழிலாளர் என்று கணக்கில் எடுக்காமல், தாமாகத் தொழில் செய்யும் ஒப்பந்தக்காரர் என்று எழுதிக்கொள்வதே முதலாளிமாரின் நீண்டகால வழக்கம். அதனால் மேடையேறுவதற்கு அந்தப் பெண்தான் விடுதிக்குப் பணம் கட்டுகிறாள். கிடைக்கும் அன்பளிப்பில் இசைத்தட்டுப் போடுபவருக்கும் வாசற்காவலருக்கும் பங்கு கொடுக்கிறாள். ஆட்கள் வராத இரவில், ஆடிக் களைத்ததோடு கடனாளியாகவும் வீடு திரும்புகிறாள். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலம் 2024ம் ஆண்டில் இதற்கென்றே ஒரு சட்டம் செய்தது. விடுதி அறவிடும் கட்டணத்துக்கு அது எல்லை வைத்தது. ஒருநாள் கட்டாத பாக்கியை மறுநாள் தலையில் ஏற்றக்கூடாது என்றது. வாடிக்கையாளரோடு பெண் தனித்திருக்கும் இடங்களில் ஆபத்து வேளையில் அழுத்துவதற்கு ஒரு பொத்தான் வைக்கவேண்டும் என்றது. ‘பார்க்கத்தான் போகிறோம்’ என்கிற ஆண்கள் மத்தியில் அப்படியொரு பொத்தான் ஏன் தேவைப்பட்டது என்பதைத் தம்பி யோசித்துப் பார்க்க வேண்டும்.

லொஸ் ஏஞ்சல்ஸ் நகரத்தில் வட ஹொலிவூட் பகுதியிலுள்ள ஒரு விடுதியின் நடன மாதர் 2022ல் வேலையைவிட்டு வெளியேறி மாதக்கணக்காக வாசலில் மறியல் செய்தார்கள். எல்லை மீறும் ஆண்களிடமிருந்து தங்களைக் காவலர்கள் காப்பாற்றுவதில்லை என்பது அவர்களுடைய முக்கிய முறைப்பாடு. 2023ல் மேடை நடிகர்களின் தொழிற்சங்கத்தில் சேர்ந்தார்கள். அந்தப் பெண்களின் துணிவை நான் மதிக்கிறேன். தொழிலாளி ஒன்றுசேரும் உரிமையை 1891லேயே பாப்பரசர் பதின்மூன்றாம் சிங்கராயர் வலியுறுத்தினார். அந்த உரிமைக்கு இவர்கள் மாத்திரம் விதிவிலக்கு அல்லர்.

அப்படியானால் கூலி ஒழுங்காகக் கிடைத்து, காவலும் இருந்தால் சரியாகிவிடுமா? இங்கேதான் நான் வாலிபரோடு முரண்படுகிறேன்.

மானிட உடல் அசிங்கமானது என்று திருச்சபை போதிப்பதாகப் பலர் நினைக்கிறார்கள். பாப்பரசரைத் தெரிவுசெய்யும் சிஸ்ரைன் சிற்றாலயத்தில், பீடத்துக்கு மேலேயே மைக்கலாஞ்சலோ ஆடையற்ற மனித உருவங்களைத் தீட்டிவைத்திருக்கிறார். 1565ல் சிலவற்றுக்குத் துணி வரைந்து மூடினார்கள். 1994ல் முடிவுற்ற புதுப்பிப்பில் அவற்றில் ஒரு பகுதியை அகற்றிவிட்டார்கள். பாப்பரசர் இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் 1979 முதல் 1984 வரை புதன்கிழமைகளில் மனித உடலின் மாண்பைப் பற்றியே பேசிவந்தார். பாப்பரசராவதற்கு முன், 1960ல் எழுதிய நூலில், அன்பு செய்வதற்கு எதிரானது ஒருவரைப் பயன்படுத்துவது என்று விளக்கியிருந்தார். ஓவியத்தில் இருப்பவரைப் பார்க்கிறவன் அவருக்கு மணித்தியாலக் கணக்கில் விலை வைப்பதில்லை. விடுதியில் இருப்பவன் ஓர் உயிருள்ள ஆளை, அவளுடைய பெயரோ பிள்ளைகளோ கவலைகளோ தனக்குத் தெரியாதிருக்கும் என்ற உடன்படிக்கையின் பேரில் விலைக்கு எடுக்கிறான். அவளும் உண்மைப் பெயரைச் சொல்வதில்லை, மேடைக்கென்று ஒரு பெயர் வைத்துக்கொள்கிறாள். தன்னிடம் எதையோ காப்பாற்றிக்கொள்ளத்தான் அப்படிச் செய்கிறாள் என்று நினைக்கிறேன்.

அவள் சம்மதித்தாள் என்பது அவளைப் பற்றிய செய்தி. பணத்தை நீட்டியவன் என்ன செய்தான் என்பதற்கு அது விடையல்ல. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965ல், மனிதரை வெறும் இலாபக் கருவியாக நடத்தும் தொழில்முறைகளை மானிட மாண்புக்கு விரோதமான குற்றங்களின் வரிசையில் வைத்தது. இவை அநீதியைச் சகிப்பவரைவிட இழைப்பவரையே அதிகம் கறைப்படுத்துகின்றன என்றும் சொன்னது. அந்த அம்மா கோவில் வாசலில் சொன்னதும் ஏறக்குறைய இதுதான்.

சட்டம் என்ன சொல்கிறது? நாட்டுக்கு நாடு வேறுபடுகிறது. 1991ல் இந்தியானா மாநில வழக்கொன்றில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் இவ்விதமான ஆட்டமும் பேச்சுச் சுதந்திரத்தின் விளிம்பில் நிற்கும் ஒரு வெளிப்பாடு என்று ஏற்றுக்கொண்டு, ஆயினும் முழு நிர்வாணத்தை மாநிலம் தடுக்கலாம் என்று ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் தீர்த்தது. கனடா பல வருடங்களாக வெளிநாட்டுப் பெண்களுக்கு இந்தத் தொழிலுக்கென்றே வேலை அனுமதி வழங்கி, ருமேனியாவிலிருந்து வந்த ஏழைப் பெண்கள் பலர் அதில் சிக்கிய பின், 2012ல் நிறுத்திக்கொண்டது. ஐஸ்லாந்து 2010 பங்குனியில், பணியாளரின் நிர்வாணத்தால் எந்த வியாபார நிலையமும் இலாபம் பெறக்கூடாது என்று சட்டம் இயற்றியது. ஆதரவாக 31 வாக்குகள், எதிராக ஒன்றேனும் இல்லை. அச்சட்டம் பிரசங்க பீடத்தில் பிறந்ததல்ல. பெண் உரிமைக்குப் பாடுபட்டவர்கள் பாராளுமன்றத்தில் கொண்டுவந்தது. சிறியோருக்குத் தன்னுள்ளே நேர்ந்த தீங்குகளை மூடிமறைத்த காலம் திருச்சபைக்கும் உண்டு. ஆகவே பிறர் நமக்கு முன்னே போய் ஒரு நல்ல காரியத்தைச் செய்யும்போது பின்னால் நடக்க நமக்கு வெட்கம் வேண்டாம். நவீன சமுதாயம் என்றால் இவ்விடுதிகளை ஏற்றுத்தான் ஆகவேண்டும் என்பவர்களுக்கு அந்தச் சிறிய தீவைக் காட்டலாம்.

ஆனால் காரியம் அத்தோடு முடியவில்லை. 2022ல் ஸ்கொட்லாந்தின் எடின்பரோ நகரசபை இத்தகைய விடுதிகளின் எண்ணிக்கையைப் பூச்சியமாக்கத் தீர்மானித்தது. அதை எதிர்த்தவர்கள் முதலாளிமார் மாத்திரம் அல்லர். அங்கே ஆடும் பெண்களின் தொழிற்சங்கமும் எதிர்த்தது. எங்கள் வாடகையை யார் கட்டுவார்கள் என்பதே அவர்கள் கேள்வியின் சாரம். 2023ல் நீதிமன்றம் அத்தீர்மானம் சட்டவிரோதமானது என்று தீர்த்தது. அந்தச் செய்தியை வாசித்தபோது, விடுதிகளை மூட வேண்டும் என்று நினைக்கிற எனக்கு உடனே மறுமொழி வரவில்லை.

பழைய வரலாறு ஒன்றும் நினைவுக்கு வருகிறது. கொன்ஸ்தாந்திநோபிளில் யுஸ்தினியான் சக்கரவர்த்தி 535ல் பெண்களை வைத்துப் பிழைக்கும் தரகருக்கு எதிராக ஒரு சட்டம் செய்தார். அவர்கள் நாட்டுப்புறமெங்கும் திரிந்து ஏழைச் சிறுமியரைச் செருப்பும் உடுப்பும் தருவதாக ஏமாற்றி அழைத்துவந்து, ஒப்பந்தமும் பிணையும் எழுதி வாங்கிக்கொள்கிறார்கள் என்று அச்சட்டமே விவரிக்கிறது. ஒப்பந்தம், கடன் என்ற தந்திரங்கள் அன்றும் இருந்தன. அரசி தெயோதோராவோ தன் இளமையில் மேடையில் ஆடியவள். அவளும் அரசனுமாக ஒரு அரண்மனையை அப்பெண்களுக்கு மடமாக்கிக் கொடுத்தார்கள். புரோக்கோப்பியு என்ற வரலாற்றாசிரியர் ஒரு நூலில் இதைப் புகழ்ந்துவிட்டு, மறைவாக எழுதிய இன்னொரு நூலில், பலவந்தமாக அடைக்கப்பட்டவர்களில் சிலர் இரவில் உயரத்திலிருந்து குதித்தார்கள் என்கிறார். அரசியின் மேல் அவருக்குப் பகை இருந்தது, அதைக் கழித்துக்கொண்டுதான் வாசிக்க வேண்டும். ஆயினும் அந்த வரியை என்னால் கடந்துபோக முடியவில்லை.

யாயீரின் வீட்டில் நடந்த ஒழுங்கை மீண்டும் பாருங்கள். கூட்டத்தை வெளியேற்றினார், சிறுமியை வெளியேற்றவில்லை. உண்ணக் கொடுக்கவும் மறக்கவில்லை. ஆகவே நகரசபை ஒன்று என்னிடம் ஆலோசனை கேட்குமானால் (கேட்கப்போவதில்லை), விடுதியின் அனுமதிப்பத்திரத்தை நிறுத்துமுன் அந்தப் பெண்களைக் கூப்பிட்டு இருத்திப் பேசுங்கள், வேறு வேலைக்கும் படிப்புக்கும் பிள்ளைகளின் பராமரிப்புக்கும் பணம் ஒதுக்குங்கள், முதலாளி அறவிட்ட கட்டணங்களைத் திருப்பிக் கொடுக்கச் செய்யுங்கள், அதன்பின் கதவைப் பூட்டுங்கள் என்பேன். இதற்குச் செலவாகும். சும்மா பூட்டுவது மலிவு, அதனால்தான் அதைச் செய்ய எல்லாருக்கும் அவசரம்.

நகரசபை செய்யவேண்டியதற்காக எங்கள் வாலிபர் காத்திருக்கத் தேவையில்லை. வெளியே போகவேண்டிய கூட்டம் அவரும் அவருடைய தோழருமே. யாரும் சட்டம் போடாமலே அவர்கள் அதைச் செய்யலாம். “தம்பி, அந்த மாப்பிள்ளை இன்னும் ஒரு கிழமையில் பீடத்துக்கு முன் நின்று ஒரு பெண்ணின் கையைப் பிடித்து, உன்னை மதித்து வாழ்வேன் என்று சொல்லப்போகிறான். அதற்கு ஆயத்தமாக அவனை எங்கே கூட்டிக்கொண்டு போகிறீர்கள் என்று பாருங்கள். உமக்கு மனமில்லாவிட்டால் முதலில் மாப்பிள்ளையிடமே கேட்டுப்பாரும். ஏரோது அந்தச் சிறுமியின் வேண்டுதலைக் கேட்டு மனம் வருந்தினான் என்றும், விருந்தினர் முன்னிலையில் மறுக்க முடியாமல்தான் கட்டளையிட்டான் என்றும் மாற்கு எழுதியிருக்கிறார்” என்று அவருக்குப் பதில் எழுதினேன்.

சென்ற கிழமை மறுமொழி வந்தது. மாப்பிள்ளையைத் தனியே கூப்பிட்டுக் கேட்டாராம். அவனுக்கும் போக விருப்பமில்லையாம், பெடியன்கள் பகிடி பண்ணுவார்கள் என்று வாய் திறக்காமல் இருந்தானாம். இப்போது அந்தச் சனிக்கிழமை இரவு எல்லாரும் ஒரு வீட்டில் கூடி ஒடியற்கூழ் காய்ச்சப் போகிறார்களாம். ஒடியல் மா இங்கிருந்துதான் போகிறது.