அளப்பவர் ஏன் கையேந்த வேண்டும்?

ஆயுத பூசை நாளில் நம் பல்கலைக்கழக ஆய்வகங்களுக்குள் போய்ப் பாருங்கள். பல லட்சம் கொடுத்து வாங்கிய, தண்ணீரில் உள்ள உலோகங்களை அளக்கும் ஏ.ஏ.எஸ். கருவிக்குச் சந்தனம், குங்குமம், பூமாலை. மறுநாள் அறைக்குப் பூட்டு. பாலாற்றங்கரைக் கிணற்றுத் தண்ணீரைப் புட்டியில் நிரப்பிக்கொண்டு பக்கத்துக் கல்லூரி ஆய்வு மாணவி வந்து நின்றால் என்ன பதில்? "லெட்டர் கொண்டு வாம்மா." "ஆபரேட்டர் லீவு." "வெளி ஆளுங்களுக்குத் தர்றதில்ல." கருவியைக் கும்பிடத் தெரிந்த நமக்கு, அதைக் கொண்டு உண்மையைக் கண்டறிய வந்தவரை மதிக்கத் தெரியாதா? யார் வீட்டுப் பணத்தில் வாங்கியது அது? ஆம்பூரில் ஷூ கம்பெனிக்குப் போகும் பெண் சோப்பு வாங்கும்போது கட்டுகிற வரியும் அதில் இருக்கிறது.

அந்த மாணவி அளக்க வந்தது என்ன? கிணற்றில் கலந்திருக்கக்கூடிய குரோமியம். ராணிப்பேட்டையில் 1990களில் மூடப்பட்ட குரோமேட் ஆலை சுமார் ஒன்றரை லட்சம் டன் குரோமியக் கழிவை விட்டுச் சென்றது. அதே ஊர் சிப்காட் தொழிற்பேட்டையில் 2015 ஜனவரி 31 அன்று சுத்திகரிப்பு நிலையத்தின் கழிவுத் தொட்டிச் சுவர் உடைந்து, தூங்கிக்கொண்டிருந்த தொழிலாளர்கள் 10 பேர் செத்தார்கள். தோல் ஆலைக் கழிவு பாலாற்றில் கலப்பதை எதிர்த்து வேலூர் குடிமக்கள் நலமன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது: மாசுபடுத்தியவரே அதற்கான விலையைத் தர வேண்டும். 28 ஆண்டுகள் கழித்து, 2025 ஜனவரியில், அதே பாலாற்றுக்காக அதே நீதிமன்றம் மீண்டும் இழப்பீட்டு உத்தரவு போட வேண்டியிருந்தது.

மாசுபடுத்தியவர் விலை தர வேண்டும்; சரி. அந்த மாசை அளப்பதற்கான செலவு யார் தலையில்? உதவித்தொகையே இல்லாத ஆய்வு மாணவர் தலையில். தேசியத் தகுதித் தேர்வில் வென்று ஜே.ஆர்.எஃப். உதவித்தொகை பெறுபவருக்கு மாதம் 37,000 ரூபாய் உண்டு. இணைப்புக் கல்லூரிகளில் சொந்தக் காசில் கட்டணம் கட்டிப் படிப்பவர்களுக்கு? ஒவ்வொரு சாம்பிளுக்கும் தனியார் லேபில் பணம் கட்ட, அம்மாவின் கம்மல் அடகுக் கடைக்குப் போகிறது. இது நீதியா?

உடனே ஒருவர் எழுந்து, "சர் சி.வி. ராமன் சில நூறு ரூபாய்க் கருவியில் நோபல் வாங்கவில்லையா?" என்பார். அந்தக் கதையை முழுதாகச் சொல்லுங்கள். 1907இல் கல்கத்தாவுக்கு நிதித்துறை அதிகாரியாகப் போன ராமன், மகேந்திரலால் சர்க்கார் பொதுமக்களிடம் நன்கொடை திரட்டி 1876இல் தொடங்கிய ஆய்வுச் சங்கத்தின் கதவைத் தட்டினார். கதவு திறந்தது. அலுவலகம் போகுமுன்னும் வந்த பின்னும் அங்கே உழைத்தார். வெளியாளுக்கு மறுக்கப்படாத ஒரு கதவைப் பற்றிய வரலாறு அது. அதை வறுமையின் பெருமையாக்கி மாணவர் வாயை அடைப்பது அறிவு நாணயமா?

மாற்று வழிகள் இருக்கின்றன. சென்னை ஐ.ஐ.டி.யில் வெளியாரின் சாம்பிள்களையும் கட்டணத்துக்கு அளந்து தரும் 'சைஃப்' மையம் உண்டு. நாடெங்கும் உள்ள கருவிகளைப் பதிவு செய்து பகிர்வதற்காக 2020இல் ஐ-ஸ்டெம் தளம் வந்தது. நீரில் அமிலமும் டைபினைல் கார்பசைடும் சேர்த்தால், ஆறு இணைதிறன் குரோமியம் இருக்கும் தண்ணீர் ஊதாச் சிவப்பாகும். 540 நானோமீட்டரில் நிறத்தின் அடர்த்தியை அளக்க, கல்லூரிகளில் தூசி படிந்து கிடக்கும் எளிய கலரிமீட்டர் போதும். ஆனால் அதன் எல்லையையும் சொல்ல வேண்டும். தோல் பதனிடும் கழிவில் பெரும்பாலும் இருக்கிற மூன்று இணைதிறன் குரோமியம் இந்தச் சோதனையில் நேரடியாகச் சிக்காது. குடிநீரில் மொத்தக் குரோமியம் லிட்டருக்கு 0.05 மில்லிகிராமைத் தாண்டுகிறதா என்று உறுதியாகச் சொல்ல நல்ல கருவி வேண்டும். எளிய சோதனையில் எந்தக் கிணறு சந்தேகத்துக்குரியது என்று வடிகட்டுங்கள். அந்தச் சாம்பிள்களை முதலில் பெரிய கருவிக்கு அனுப்புங்கள்.

மாணவர்களே, உங்களுக்கும் ஒரு கேள்வி. கருவி கிடைக்கவில்லை என்பதற்காக அளக்காத எண்ணை ஆய்வேட்டில் எழுதுவீர்களா? "எல்லாரும் செய்றாங்க" என்பது சாக்கு. நீங்கள் நஞ்சில்லை என்று எழுதும் கிணற்றில் ஒரு குழந்தை தண்ணீர் குடிக்கும். ஏழ்மைக்கு நீங்கள் பொறுப்பல்ல. பொய்க்கு நீங்கள்தான் பொறுப்பு.

தோல் ஆலை முதலாளிகளே, கோயிலுக்கும் பள்ளிவாசலுக்கும் தாராளமாகத் தருகிறீர்கள். கம்பெனிச் சட்டம் 2013, பெரிய நிறுவனங்கள் லாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பொறுப்புக்குச் செலவிடச் சொல்கிறது. அரசுப் பல்கலைக்கழக ஆய்வுக்கும் அதில் இடமுண்டு. உங்கள் கழிவை அளக்கும் கருவிக்குத் தாருங்கள். அது கொடையல்ல, கடன். ஆனால் பணத்தோடு நிபந்தனை வரக் கூடாது. முடிவு உங்களுக்குப் பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும் வெளியாக வேண்டும். முடிவை மறைப்பதற்கென்று தரும் பணத்துக்கு லஞ்சம் என்றுதான் பெயர்.

துணைவேந்தர்களே, உங்கள் வளாகத்தில் பொதுப்பணத்தில் வாங்கிய கருவிகள் எவை, வாரத்தில் எத்தனை மணி நேரம் ஓடுகின்றன, வெளி மாணவருக்குக் கட்டணம் எவ்வளவு என்று வாசலில் எழுதி வையுங்கள். எழுதவில்லையென்றால், வாசகரே, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டி நீங்கள் கேளுங்கள். பாலாற்றை எந்தத் தெய்வமும் வந்து அளக்கப் போவதில்லை. அளக்க முன்வந்த பிள்ளைகளின் வழியை மறிக்காமல் இருக்கவாவது நமக்கு மனசாட்சி வேண்டும்.