போட்டிங் போனா பழனி யாத்திரை கெட்டுப் போயிடுமா?

 

நம்ம குழுவுல போன வாரம் ஒரு அக்கா கேட்ட கேள்வி இது. சின்னக் குழந்தைக்குப் பழனியில முடி இறக்கணும்னு வேண்டுதல். சென்னையில இருந்து அவ்வளவு தூரம் போறோமே, அப்படியே கொடைக்கானல் ஏறி ரெண்டு நாள் இருந்துட்டு வரலாம்னு வீட்டுக்காரருக்கும் பெரிய பையனுக்கும் ஆசை. மாமியார் மட்டும், "சாமி காரியமாப் போயிட்டு போட்டுல ஆட்டம் போடுவீங்களா? வேண்டுதல் பலிக்காது"ன்னு சொல்லிட்டாங்களாம். டிக்கெட் போட்டாச்சு, வீட்டுல ஒருத்தரோட ஒருத்தர் சரியாப் பேசறது இல்ல. "கொடைக்கானலை கேன்சல் பண்ணிடட்டுமா தம்பி?"ன்னு கேட்டிருந்தாங்க.

கேன்சல் பண்ணாதீங்க அக்கா. ஆனா மாமியார் சொன்னதுலயும் ஒரு நியாயம் இருக்கு. அதுக்குக் கடைசியில வரேன்.

அறுபடை வீட்டை விரல் விட்டு எண்ணிப் பாருங்க. திருப்பரங்குன்றம், திருச்செந்தூர், பழனி, சுவாமிமலை. ஐந்தாவது? திருத்தணின்னு சொல்வோம். ஆனா திருமுருகாற்றுப்படையில் நக்கீரர் அந்த ஐந்தாம் பகுதிக்கு வைத்திருக்கிற பெயர் குன்றுதோறாடல். மத்ததெல்லாம் இடத்தோட பெயர். இது மட்டும் ஒரு செயலோட பெயர். ஒவ்வொரு குன்றிலும் போய் ஆடுறது. இங்கேதான் இருக்கான்னு ஒரு ஊரைக் காட்டாம, மலை எங்கே இருக்கோ அங்கே ஆடிக்கிட்டு இருப்பான்னு சொல்றார். அந்தப் பகுதியைப் படிச்சா, மலையில வாழற குறவர்கள் சொந்தபந்தத்தோட கூடி, சின்னப் பறையைக் கொட்டி, குரவைக் கூத்து ஆடுறாங்க. முருகன் தள்ளி நின்னு வேடிக்கை பார்க்கல. அவங்களோட கை கோத்து ஆடுறான். (அவங்க தேன்கள் குடிச்சதையும் நக்கீரர் மறைக்கல. அதைக் காரணம் காட்டி யாரும் மலைக்கு பாட்டில் எடுத்துட்டுப் போக வேண்டாம்.)

ஆக, குடும்பத்தோட மலைக்குப் போய் சந்தோஷமா இருக்கிறது முருக வழிபாட்டுக்கு எதிரானதுன்னு சொல்ல நமக்கு அதிகாரமே கிடையாது. மலையில விளையாடுறதை ஒரு படைவீடாவே வைத்திருக்கிற தெய்வம் அவன். தொல்காப்பியம் நிலத்தைப் பிரிக்கும்போதும் மலையும் மலை சார்ந்த குறிஞ்சியைச் சேயோனுக்குத்தான் கொடுக்குது. குறிஞ்சிக்குச் சொன்ன பெரும்பொழுது கூதிரும் முன்பனியும். குளிர்காலம்! டிசம்பர் லீவுக்கு ஸ்வெட்டரை எடுத்து வைச்சுக்கிட்டு மலை ஏறுறவங்க, தெரியாமலே அவனுக்கு உரிய காலத்துலதான் போறாங்க.

இப்போ கொடைக்கானலுக்கு வருவோம். பழனியும் கொடைக்கானலும் வேற வேற ஊர்ன்னு நினைக்கிறோம். ரோட்டுல சுமார் 65 கிலோமீட்டர். ஆனா கொடைக்கானல் உட்கார்ந்திருக்கிற மலைத்தொடருக்கே பழனி மலைன்னுதான் பெயர். தண்டாயுதபாணி நிற்கிற குன்று அந்தத் தொடரோட அடிவாரத்துல இருக்கு. பஞ்சாமிர்தத்துக்குப் பேர்போன விருப்பாச்சிப் பழமும் இந்த மலையில விளையறதுதான். கீழே அபிஷேகம் ஆகுறது மேலே விளைஞ்சது.

ஏரியில இருந்து சுமார் 3 கிலோமீட்டர் தூரத்துல குறிஞ்சி ஆண்டவர் கோவில். 1936-ல் கட்டினது. கட்டினவர் யார் தெரியுமா? லீலாவதி ராமநாதன். பிறப்பால் ஆஸ்திரேலியப் பெண்மணி. இந்து சமயத்தை ஏத்துக்கிட்டு, இலங்கைத் தமிழர் தலைவரா இருந்த சர் பொன்னம்பலம் இராமநாதனைக் கல்யாணம் பண்ணிக்கிட்டவங்க. கணவர் 1930-ல் காலமானதுக்குப் பிறகு இந்தக் கோவிலை எழுப்பினாங்க. கொடைக்கானல் அப்போ வெயில் தாங்காத வெள்ளைக்காரங்க ஓய்வெடுக்குற ஊர். ஓய்வெடுக்க வந்தவங்க கட்டினதெல்லாம் பங்களாவும் கிளப்பும். இந்த அம்மா கட்டினது முருகன் கோவில். லீலைன்னா விளையாட்டு. மலையில விளையாடுற தெய்வத்துக்கு லீலாவதின்னு பேர் வைச்சுக்கிட்ட ஒருத்தங்க வீடு கட்டியிருக்காங்கன்னு நினைக்கும்போது எனக்கு உடம்பு சிலிர்க்குது.

மேகம் இல்லாத நாள்ல அந்தக் கோவில் பக்கத்துல நின்னா கீழே பழனி தெரியும். அங்கே ஒரு நிமிஷம் நின்னு பாருங்க. கீழே, ஒரு பழம் கிடைக்கலன்னு கோபிச்சுக்கிட்டு எல்லாத்தையும் உதறிட்டு கோவணத்தோட நிக்கிற ஆண்டி. மேலே, பஜ்ஜி, சாக்லேட், குதிரை சவாரி, பெடல் போட்னு எல்லாமே வேணும்னு வந்திருக்கிற நாம. ரெண்டுமே ஒரே மலை.

ஏரி இயற்கையா வந்ததுன்னு நிறைய பேர் நினைச்சுக்கிட்டு இருக்காங்க. அப்படி இல்ல. 1863-ல் மதுரை கலெக்டரா இருந்த வீர் ஹென்றி லெவிஞ்ச் சதுப்பு நிலத்துல கரை போட்டுத் தண்ணீரைத் தேக்கினதுதான் இன்னிக்கு நட்சத்திர வடிவத்துல நாம பார்க்கிற ஏரி. முதல் படகு தூத்துக்குடியில இருந்து வந்தது. படகு கிளப் 1890-ல். சுத்தி வர சுமார் 5 கிலோமீட்டர். சைக்கிள் எடுத்தா பையன் ரெண்டு சுத்து போடுவான். மேல இருந்து வரும்போது வெள்ளி அருவியில நின்னு போட்டோ எடுக்கிறோமே, அந்தத் தண்ணியே இந்த ஏரியில இருந்து வழியறதுதான்.

அந்தக் காலத்துல கோடைக்கு மட்டும்தான் கூட்டம். இப்போ ஓய்வே கிடையாது. மே மாசம் கோடை விழாவும் பிரையண்ட் பூங்கா மலர்க் கண்காட்சியும், செப்டம்பர், அக்டோபர்ல ரெண்டாவது சீசன், டிசம்பர்ல பனி பார்க்க, நடுவுல வர்ற ஒவ்வொரு சனி ஞாயிறும். 2024-ல் ஒரு மலையாளப் படம் ஓடினதும் குணா குகைக்கு வந்த கூட்டத்தைப் பார்த்தோம். எங்க டீம்லயே "வெள்ளிக்கிழமை ராத்திரி கிளம்பி திங்கக்கிழமை காலையில லாகின்" திட்டம் மூணு மாசத்துக்கு ஒருமுறை வரும். கடைசியில சென்னை உயர்நீதிமன்றம் தலையிட்டு 2024 மே 7-ல் இருந்து இ-பாஸ் வந்தது. 2025 ஏப்ரல்ல இருந்து வார நாள்ல 4,000 வண்டி, வார இறுதியில 6,000 வண்டின்னு சீசனுக்கு வரம்பும் வைச்சாங்க. நமக்கு வருஷம் முழுக்க வேடிக்கை வேணும். மலையால முடியல.

மலை எப்படிக் கொடுக்கும்ங்கிறதுக்கு அந்தக் கோவிலோட பெயரிலேயே பதில் இருக்கு. நீலக்குறிஞ்சி 12 வருஷத்துக்கு ஒரு தடவைதான் பூக்கும். 2006, 2018, அடுத்து 2030. பன்னிரண்டு கையனுக்குப் பன்னிரண்டு வருஷம் காத்திருக்கிற பூன்னு என் பாட்டி சொல்வாங்க. பூத்து, விதை விட்டு, அந்தச் செடி செத்துடும். விதையில இருந்து புதுச் செடி வந்து மறுபடியும் பன்னிரண்டு வருஷம். எந்த ரிசார்ட்காரர் நினைச்சாலும் அதை மே மாசக் கண்காட்சிக்காகப் பூக்க வைக்க முடியாது. குறிஞ்சி இருந்த புல்வெளிச் சரிவுகள்ல நிறைய இடத்துல பைனும் யூகலிப்டசும் சீகை மரமும் நட்டாச்சு. நாம "ஆஹா, பைன் ஃபாரஸ்ட்"னு ரீல்ஸ் எடுக்கிற இடமும் அந்த மாதிரி நட்டு வளர்த்த தோப்புதான்.

இங்கேதான் மாமியார் சொன்னதுல இருக்கிற நியாயம். யாத்திரையைக் கெடுக்கிறது போட்டிங் இல்ல. வள்ளி கதையை நினைச்சுப் பாருங்க. தினைப்புனத்துல கிழவனா வந்த முருகன் பசிக்குதுன்னான், வள்ளி தேனும் தினைமாவும் கொடுத்தா. தாகம்னான், சுனையைக் காட்டினா. குடிச்சான். வேடனா வந்தான், வேங்கை மரமா நின்னான், அண்ணன் கணபதியை யானையா வரச் சொல்லி அவளைப் பயமுறுத்தினான். எவ்வளவு சேட்டை! அத்தனையும் முடிஞ்ச பிறகும் தினை அப்படியே இருந்தது, சுனை அப்படியே இருந்தது. நாம சுனைக்குப் போனா என்ன மிஞ்சுதுன்னு ஏரிக்கரையில திங்கக்கிழமை காலையில குப்பை அள்ளுறவங்களைக் கேட்டாத்தான் தெரியும். காட்டெருமை பிளாஸ்டிக்கை மேயற மலையில, கீழே போய் அர்ச்சனைச் சீட்டு வாங்கி என்ன ஆகப்போகுது? சேயோன் வீட்டு முற்றத்துல குப்பையைக் கொட்டிட்டு சேயோன் சன்னிதியில தீபாராதனை பார்க்கிறோம்.

அதனால அக்கா, என் அபிப்பிராயம் இதுதான். முதல்ல பழனி. முடி காணிக்கை, தரிசனம் முடிஞ்ச பிறகு மலை ஏறுங்க. டூர்ல பழனியை "போற வழியில ஒரு மணி நேரம்"னு போடாதீங்க, ஒரு ராத்திரி தங்குங்க. தைப்பூசத்துக்கு மாலை போட்டு, காலெல்லாம் கொப்புளத்தோட பாதயாத்திரை போறவங்க கணக்கு வேற. விரதம் முடியற வரைக்கும் அவங்களுக்கு இந்தப் பேச்சே வேண்டாம். உங்களுக்கு அப்படி விரதம் இல்ல.

மாமியாரையும் கூட்டிட்டுப் போங்க. பழனியில படி ஏற முடியலன்னா விஞ்சும் ரோப் காரும் இருக்கு. மேலே குறிஞ்சி ஆண்டவர் கோவில் கிட்டவே வண்டி போகும். அங்கே நின்னு கீழே இருக்கிற பழனியை அவங்களுக்குக் காட்டுங்க. நேரம் இருந்தா மறுநாள் பூம்பாறைக்கும் போங்க. அங்கே குழந்தை வேலப்பர். பழனியில நவபாஷாணம் மாதிரி, இவரைப் போகர் தசபாஷாணத்தால செய்தார்னு நம்பிக்கை. மொட்டை போட்ட குழந்தையைக் குழந்தை முருகன் முன்னாடி உட்கார வைக்கிறதை எந்தப் பாட்டி வேண்டாம்னு சொல்வாங்க? வரும்போது மலைப்பூண்டு வாங்கிக்கோங்க, 2019-ல் புவிசார் குறியீடு வாங்கின பூண்டு.

அப்புறம் ஏரிக்குப் போங்க. பையன் ஆசைப்பட்ட மாதிரி போட்ல ஏறுங்க. நடு ஏரியில ஒரு அஞ்சு நிமிஷம் பெடலை நிறுத்திட்டு யாரும் பேசாம இருங்க. அருணகிரிநாதருக்கு அவன் கொடுத்த உபதேசம் என்னன்னு உங்களுக்கே தெரியும்.

தண்ணிக்கு வீட்டுல இருந்து ஸ்டீல் பாட்டில் எடுத்துக்கோங்க. மலையில சின்ன பிளாஸ்டிக் பாட்டிலுக்குத் தடை இருக்கு. இ-பாஸ் கிளம்புறதுக்கு முன்னாடியே ஆன்லைன்ல எடுத்துடுங்க, செக்போஸ்ட்ல நின்னுக்கிட்டு போன்ல சிக்னல் தேடாதீங்க. மாமியார் என்ன சொன்னாங்கன்னு குழுவுல போடுங்க.

வேலும் மயிலும் துணை. அரோகரா!