நன்றி கூறுவது யார் கடமை?

தொண்டு செய்பவரைப் பாராட்டுவது முறையா? பாராட்டினால் அகந்தை வளரும், பலன் கருதாமல் கடமையாற்றும் கர்மயோகத்துக்கு அது முரண் என்று சிலர் கருதுவர். இவ்வாறு கூறுவோர் பெரும்பாலும் தொண்டர்களிடம் வேலை வாங்கும் இடத்தில் இருப்பவர்கள் என்பது கவனிக்கத்தக்கது.

பெங்களூருவில் தேவாங்குகளைத் தேடி நடந்த அன்பர்களின் பணியை நோக்கினால் இக்கேள்வி தெளிவுபெறும். கன்னடத்தில் 'காடுபாப்பா', அதாவது காட்டுக் குழந்தை, என்று அழைக்கப்படும் இச்சிறு பிராணி ஏறத்தாழ கால் கிலோ எடை இருக்கும். இரவில் நடமாடும் இது, தரையில் இறங்கத் தயங்கிக் கிளைக்குக் கிளை மெல்ல நகரும். இடையே ஒரு மரத்தை வெட்டிவிட்டால் அதன் பாதை அறுந்துபோகும். இந்திய அறிவியல் கழக வளாகம் போன்ற மரச்செறிவு மிக்க இடங்களில் வாழ்ந்துவரும் இதனைப் பற்றி அறிய, 2014 வாக்கில் ஆய்வாளர் கபேரி கர் குப்தா தொடங்கிய நகர்ப்புறத் தேவாங்குத் திட்டத்தில் பொதுமக்களும் பயிற்சி பெற்றுப் பங்கேற்றனர். இரவில் சிவப்பு ஒளி விளக்குடன் மரம் மரமாக அண்ணாந்து பார்த்தபடி நடந்தனர். வெண்ணிற ஒளி அதன் பெரிய கண்களை வருத்துமன்றோ!

இத்தகைய தேடலில் பல இரவுகள் ஒன்றும் தென்படாது. கொசுக்கடியைப் பொறுத்துக்கொண்டு நெடுநேரம் நடந்தவர், தாளில் 'காணவில்லை' என்று எழுதிவிட்டு வீடு திரும்புவார். ஆய்வுக்கு அக்குறிப்பும் இன்றியமையாதது. தேவாங்கு எங்கே தென்படவில்லை என்பது பதிவாகாவிட்டால், எங்கே வாழ்கிறது என்ற கணக்கும் நிறைவு பெறாது. ஆயினும் இத்தகைய குழுக்களில் கைதட்டல் பெறுபவர் யார்? கண்டவரே. பலனைக் கருதாதே என்று தொண்டருக்கு உபதேசிக்கும் அமைப்பு, தானே பலனை வைத்து மனிதரை எடைபோடுகிறது!

கண்டவருக்கும் ஒரு சோதனை உண்டு. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இடம்பெற்றிருந்தும், மாந்திரீகத்துக்காகவும் விற்பனைக்காகவும் தேவாங்கைப் பிடிப்போர் இருக்கின்றனர். ஆகவே எந்த மரத்தில் கண்டோம் என்பதை அவர் ஊரறியச் சொல்லலாகாது. அவருடைய மகிழ்ச்சியை முழுமையாக அறிந்தவர் ஒருங்கிணைப்பாளரே. அவரும் ஒரு சொல் கூறாதிருந்தால்?

கைம்மாறு கருதாத உதவியைத் திருவள்ளுவர் ஒப்புரவறிதல் என்னும் அதிகாரத்தில் பேசினார். பெற்ற உதவியை மறவாமையைச் செய்ந்நன்றியறிதல் என்று வேறோர் அதிகாரத்தில் வைத்தார். முன்னது கொடுப்பவருக்கு உரியது, பின்னது பெறுபவருக்கு உரியது. பெறுபவர் முன்னதைக் கையிலெடுத்துக்கொண்டு கொடுப்பவருக்குப் போதிப்பது அறமாகாது. பலன் கருதாமை ஒருவர் தமக்குத் தாமே ஏற்கும் விரதம். பிறர்மீது சுமத்தும்போது அது உழைப்பைச் சுரண்டும் தந்திரமாகிவிடுகிறது.

அப்படியானால் எவ்வாறு நன்றி கூறுவது? ஆண்டு விழாவில் பெயரைத் தவறாக வாசித்துப் போர்த்தும் பொன்னாடையால் எவருக்கு என்ன நிறைவு? தொண்டர் எழுதித் தந்த தாளை ஒருங்கிணைப்பாளர் படித்திருக்க வேண்டும். வாராத வாரத்தில் நலம் விசாரிக்க வேண்டும். இரவு நடை முடிந்தபின் அனைவரும் வீடு சேர்ந்தனரா என்று கேட்டறிய வேண்டும். 'காணவில்லை' என்று எழுதியவரை அழைத்து, அக்குறிப்பு வரைபடத்தில் எந்த இடத்தை நிரப்பியிருக்கிறது என்று விரல் வைத்துக் காட்ட வேண்டும்.