ஓய்வு நாள் யாருடையது?

சகோதரர்களே, வியாபாரிக்கு ஓய்வு நாள் உண்டா என்று கேட்டால் நம்மில் பலர் சிரித்துவிடுவார்கள். ஜொகூரில் 2014-ஆம் ஆண்டு முதல் வெள்ளியும் சனியும் வார விடுமுறையாக இருந்தன. 2025 ஜனவரி முதல் அது சனியும் ஞாயிறுமாக மாறிற்று. அலுவலகத்தாருக்கும் பள்ளிப் பிள்ளைகளுக்கும் அது பெரிய மாற்றந்தான். கோத்தா திங்கியில் மளிகைக் கடை வைத்திருக்கும் எனக்கோ, எந்த நாளில் கூட்டம் வரும் என்ற கணக்கு மட்டுமே மாறியது.

சென்ற பள்ளி விடுமுறையில் பிள்ளைகள் விடவில்லை. "சிங்கப்பூரிலிருந்தெல்லாம் நம்மூர் அருவியைப் பார்க்க வருகிறார்கள். நாம் ஒரு நாளாவது அங்கே தங்கியிருக்கிறோமா, அத்தா?" என்றாள் மகள். பதில் சொல்ல வாய் வரவில்லை. ஊரிலிருந்து அருவி ஏறக்குறைய 15 கிலோமீட்டர். அந்த வழியில் செம்பனைத் தோட்டம் வைத்திருக்கும் நண்பரிடம் அனுமதி கேட்டு, ஓடைக்குச் சற்று மேலே கூடாரம் அடித்தோம். கடைச் சாவியை ஊழியரிடம் ஒப்படைத்தேன். அவர் இராமநாதபுரம் பக்கத்துக்காரர், வந்து நான்கு வருடமாகிறது, நம்பிக்கையானவர்.

மறுநாள் சுபுஹுக்கு எழுந்து ஓடையில் ஒளு செய்தபோது தண்ணீரின் குளிர் எலும்பில் ஏறியது. அன்று முழுவதும் உட்கார நேரமில்லை. மகன் பொறுக்கி வந்த விறகு ஈரம். ஊதி ஊதி என் கண் சிவந்ததுதான் மிச்சம். கடைசியில் கையடுப்பில் தேத்தண்ணீர் போட்டாள் மனைவி. முந்தாஹாக் மலையடியில் கொஞ்சதூரம் ஏறினோம். காலில் அட்டை கடித்து இரத்தம் வழிய, நான் போட்ட சத்தத்தைப் பிள்ளைகள் இன்றைக்கும் சொல்லிச் சிரிக்கிறார்கள். மாலையில் அருவியில் குளித்துக்கொண்டிருந்தோம். எங்கள் தலைக்கு மேலே வெயில். மலையுச்சியிலோ மேகம் கறுத்திருந்தது. ஒரு மலாய்ப் பெரியவர் கைதட்டி எங்களைக் கரையேறச் சொன்னார். மேலே பெய்த மழை திடீரென்று கீழே பாய்ந்து வருவதை அவர்கள் 'கெப்பாலா ஆயர்' என்பார்கள். கொஞ்ச நேரத்தில் தண்ணீர் தேயிலைச் சாயம்போல் நிறம் மாறிப் பொங்கியது. அல்ஹம்துலில்லாஹ், அதற்குள் எல்லோரும் மேலே வந்துவிட்டோம்.

இரவு நெருப்பைச் சுற்றி உட்கார்ந்திருந்தபோது, கம்போங் மக்காமில் அடங்கியிருக்கும் சுல்தான் மஹ்மூதின் கதையை மகன் சொன்னான். 1699-இல் வெள்ளித் தொழுகைக்குப் பல்லக்கில் போகும்போது கொலையுண்டவர் அவர். தளபதி மெகாட் ஸ்ரீ ராமா அரச கட்டளையால் கடற்கொள்ளையரை அடக்கப் போயிருந்தாராம். அவருடைய சூலியான மனைவி ஆசைப்பட்டு அரண்மனைப் பலாச்சுளை ஒன்றைத் தின்றதற்காக அவள் வயிற்றைக் கீறச் சொன்னாராம் சுல்தான். மக்கள் வழங்கும் கதை இது. "அவர் வீட்டில் இருந்திருந்தால் அப்படி நடந்திருக்குமா?" என்று கேட்டான் பையன். நான் பேச்சை மாற்றினேன்.

பிறகு வழக்கம்போல் கடைக்குப் பேசி அன்றைய வரவைக் கேட்டேன். கணக்கைச் சொல்லிவிட்டு ஊழியர், "தம்பியும் பாப்பாவும் நல்லாக் குளிச்சாங்களா முதலாளி? அருவி ரொம்பப் பெரிசா?" என்றார். நான்கு வருடமாக 15 கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறவர் கேட்கிற கேள்வி! அன்றிரவு எனக்குத் தூக்கம் சரியாக வரவில்லை.

மனைவி மக்களுக்கு நம்மேல் ஹக்கு உண்டு; அதை ஒரு நாள் நிறைவேற்றினேன் என்ற மகிழ்ச்சி எனக்கிருந்தது. அந்த நாளை யாருடைய நாளிலிருந்து எடுத்துக் கொடுத்தேன்? 1955-ஆம் ஆண்டின் வேலைவாய்ப்புச் சட்டம் வாரத்தில் ஒரு முழு நாள் ஓய்வு தரச் சொல்கிறது. வார வேலை நேரத்தையும் 2023 ஜனவரி முதல் 48 மணியிலிருந்து 45 மணியாகக் குறைத்திருக்கிறார்கள். என் கடையிலும் அந்த ஓய்வு நாள் இருந்தது, தாளில். கூட்டம் அதிகமென்றால், "அடுத்த வாரம் சேர்த்து எடுத்துக்கொள்" என்பேன். அந்த அடுத்த வாரம் வந்ததில்லை.

"அவரே வேண்டாமென்கிறார். லீவு நாளில் அறையில் முடங்கிக் கிடப்பதைவிட நாலு வெள்ளி கூடச் சம்பாதிக்கலாம் என்கிறார்" என்று அன்பர்கள் சொல்லலாம். நானும் இதையே சொல்லி வந்தவன். ஆனால் தேவையுள்ளவன் சொல்லும் சம்மதத்தை நம் தராசில் வைத்து நிறுப்பது சரியா? நிறுக்கிறவனும் நாம், எடைக்கல்லும் நம்முடையது. ஓய்வெடுத்தால் வருமானம் குறையும் என்று ஆக்கி வைத்துவிட்டு, அவர் ஓய்வை விரும்பவில்லை என்பது நேர்மையான பேச்சல்ல.

என் தகப்பனார் ரஜூலா கப்பலில் வந்தவர். வருடக்கணக்கில் எங்களை ஊரில் விட்டுவிட்டுப் பாடுபட்டார். பணம் தவறியதில்லை. ஒருமுறை ஊர் வந்தபோது நான் எந்த வகுப்பில் படிக்கிறேன் என்று என்னிடமே கேட்டார். அந்தக் கேள்வி எனக்கு இன்னும் வலிக்கிறது. அவரை அப்படி வைத்திருந்த முதலாளி கெட்டவர் அல்லர். பெருநாளுக்குச் சட்டை எடுத்துத் தந்தவர்தான்.

இப்போது வாரத்தில் ஒரு நாள், சம்பளத்தில் கை வைக்காமல், அவருக்கு விடுகிறேன். அன்று கல்லாவில் நானும் மகனும் நிற்கிறோம். மாதத்தில் ஒரு ஞாயிறு கடையையே அடைத்துவிடுகிறோம். நஷ்டமில்லை என்று பொய் சொல்லமாட்டேன். ஞாயிறு வியாபாரம் நல்ல வியாபாரம். பழைய வாடிக்கைக்காரர் ஒருவர் பக்கத்துக் கடைக்குப் போய்விட்டார், இன்னும் திரும்பவில்லை. ஆண்டுக் கணக்கு முடிக்கும்போது இதில் என் மனம் தளருமா என்பதும் இனித்தான் தெரியும்.

முதல் ஞாயிறு அவரையும் அருவிக்கு அழைத்துப் போனோம். பிள்ளைகள் எவ்வளவு கூப்பிட்டும் அவர் தண்ணீரில் இறங்கவில்லை. பாறைமேல் உட்கார்ந்து, கைப்பேசியை அருவிப் பக்கம் திருப்பிப் பிடித்து, ஊரிலிருக்கும் மகளிடம், "தெரியுதா? சத்தம் கேக்குதா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.